‘அடுத்த எண் எது?’ என்பதோடு நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

பத்திரிகைகளின் மாணவர் பக்கங்களிலும் தரம் 5 புலமைப்பரிசில் வழிகாட்டிகளிலும் வரும் எண் கோலப் புதிர்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. நாலைந்து எண், ஒரு கேள்விக்குறி, பக்கத்தின் அடியில் தலைகீழாக விடை. வேகத்துக்கு நல்ல பயிற்சிதான். ஆனால் அதே புதிரை அப்படியே கணித பாடவேளைக்குள் கொண்டுபோனால், ஊகித்தவனுக்கும் விளங்கிச் செய்தவனுக்கும் ஒரே சரி அடையாளம் விழுகிறது.

1, 2, 4, 8, 16 என்று எழுதி அடுத்தது கேட்டால் வகுப்பே 32 என்று சொல்லும். சொல்லட்டும். பிறகு ஒரு வட்டம் கீறி, பரிதியில் புள்ளிகள் இட்டு, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேர்கோட்டால் இணைக்கச் சொல்லுங்கள். வட்டம் எத்தனை பகுதியாகிறது? 2 புள்ளிக்கு 2, 3க்கு 4, 4க்கு 8, 5க்கு 16. 6 புள்ளிக்கு வருவதோ 31. காரணமும் பிள்ளைகளுக்கு எட்டக்கூடியதே: ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பகுதி கூடுகிறது, கோடுகள் உள்ளே வெட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் இன்னொன்று கூடுகிறது. 6 புள்ளிக்கு 15 கோடு, 15 வெட்டும் இடம், முதலில் இருந்த முழு வட்டம் 1.

இங்கே ஆசிரியர்கள் அடிக்கடி சறுக்குவது ஒன்றுண்டு. கவராயத்தால் ஆரையை வைத்தே பரிதியை ஆறாகப் பிரித்தால் மூன்று விட்டங்களும் மையத்தில் ஒன்றாகச் சந்திக்கும். நடுவில் வரவேண்டிய சிறு முக்கோணம் மறைந்து 30 தான் கிடைக்கும். வகுப்பில் பாதிப்பேர் 30, பாதிப்பேர் 31 என்று நிற்பது இதனால்தான். புள்ளிகளை ஒழுங்கில்லாமல் இடச் சொல்ல வேண்டும். ஆரை 6 சென்ரிமீற்றருக்குக் குறையவும் கூடாது, பென்சில் கூராக இருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அந்த முக்கோணம் கோட்டுத் தடிப்புக்குள்ளேயே போய்விடும்.

அடுத்தது, குச்சிகளால் வரிசையாக ஒட்டி அடுக்கும் சதுரங்கள்; பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களுக்கு நடுவில் ஒரே குச்சிதான். பாடப்புத்தகப் படத்தைப் பார்த்து எண்ணுவதைவிட கையால் அடுக்குவது மேல். நெருப்புக்குச்சியை வகுப்புக்குள் எடுக்கத் தயங்குவோர் ஈர்க்கை 5 சென்ரிமீற்றர் துண்டுகளாக நறுக்கலாம். திருகோணமலையில் ஈர்க்குக்கு என்ன பஞ்சம்! மெல்லிய நுனியை எறிந்துவிடுங்கள், அது வளைந்து சதுரம் கோணும். இருவருக்கு 35 துண்டு போதும். சரியாக 31 கொடுத்தால் 10 சதுரத்துக்கான விடையைக் கையில் கொடுத்ததாகிவிடும்.

1, 2, 3, 4 சதுரங்களுக்கு வேண்டிய குச்சிகள் 4, 7, 10, 13 என்று வரும். பொது உறுப்பு, அதாவது எந்த இடத்துக்கும் பொருந்தும் விதி, கேட்டால் பலர் ‘இட எண்ணோடு 3 கூட்டு’ என்பார்கள். முதல் இடத்தில் 1 + 3 = 4 பொருந்திவிடுவதால் இந்தப் பிழை தப்பிப் பிழைக்கிறது; ஆகவே மூன்றாம் இடத்தில் சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். 5 சதுரத்துக்கு 16 குச்சி என்று கண்டதும் 10 சதுரத்துக்கு 32 என்று இரட்டிப்பாக்குவது இன்னொரு பிழை. அதை வாயால் திருத்தத் தேவையில்லை. 5 சதுர வரிசைகள் இரண்டை நெருக்கி ஒட்டச் சொன்னால் நடுவில் ஒரு குச்சி மிஞ்சுவதைப் பிள்ளை கண்ணாலே காணும். பிறகு 64 குச்சியால் எத்தனை சதுரம் என்று மறுபக்கமாகக் கேளுங்கள் (21). 65 கொடுத்தால்? அந்த ஒரு குச்சியைப் பற்றி நடக்கும் வாக்குவாதம் பயிற்சிப் புத்தகத்தில் கிடைக்காதது.

கடன் வாங்கிக் கழித்தலில் தடுமாறும் வகுப்புக்கு 6174 உதவும். மகாராஷ்டிராவில் பாடசாலை ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் கண்டது. நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத ஓர் எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அடுக்கிக் கழிக்க வேண்டும். விடையை மீண்டும் அப்படியே. 3524 என்றால் 3087, 8352, 6174. எந்த எண்ணும் ஏழு படிக்குள் 6174 இல் வந்து நின்றுவிடும். 2111 போன்ற எண்ணில்தான் கவனம்: கழித்தால் 999 வரும், அதை 0999 என்று எழுதாவிட்டால் அடுத்த படியிலேயே பூச்சியத்தில் முட்டி நிற்கும். ஒவ்வொரு விடையும் 9 ஆல் வகுபடும் என்பதால் பிள்ளை தன் கணக்கைத் தானே சோதிக்கலாம்.

தங்கள் மாணவர் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். விடையை அதே நாளில் அச்சிடாமல் அடுத்த வாரத்துக்கு வையுங்கள். எண்ணை மட்டும் கேட்காமல் எப்படி வந்தது என்று இரண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். 10 சதுரத்துக்கு ‘முதலில் 4, பிறகு ஒன்பது தரம் 3’ என்று எண்ணிய பிள்ளையும் ‘மேலே 10, கீழே 10, நெடுக்கில் 11’ என்று எண்ணிய பிள்ளையும் 31க்கே வருவார்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட அரைப் பத்தி இடம் போதும்.

கணித ஆசிரியர்,
திருகோணமலை.