அந்த 'உல்லாசம்' யாருடையது?

தமிழ் நாளிதழ்களின் செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சில வருடங்களுக்கு முன் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருந்தேன். இரவுப் பணியில் பெண் என்று நான் ஒருத்திதான். ஒருநாள் பதினொன்றரை மணிக்கு மேல் ஒரு செய்தி வந்தது. டியூஷன் ஆசிரியர் ஒருவர் எட்டாம் வகுப்பு மாணவியிடம் 'ஆசை வார்த்தை கூறி உல்லாசமாக இருந்தார்', போக்சோவில் கைது. அந்த உல்லாசத்தை அடித்துவிட்டு 'பாலியல் வன்கொடுமை செய்தார்' என்று எழுதி அனுப்பினேன். காலையில் பேப்பரைப் பிரித்தால் உல்லாசம் தலைப்புக்கே ஏறியிருந்தது. கேட்டேன். "வாசகருக்குப் புரியணும்லம்மா" என்றார் மூத்த உதவி ஆசிரியர்.

அவர் கெட்டவர் இல்லை. பழகிய கை அப்படித்தான் எழுதும். ஆனால் பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன உல்லாசம்? 2012இல் வந்த போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே கிடையாது. சட்டம் ஏற்காத சம்மதத்தை நம் வினைச்சொல் சும்மா தூக்கிக் கொடுத்துவிடுகிறது.

அடுத்தது 'கற்பழிப்பு'. செய்தவன் ஒருவன், அழிந்ததாகச் சொல்வது அவளுடைய ஏதோ ஒன்றை. திருட்டு நடந்தால் வீட்டுக்காரரின் மானம் போனது என்றா எழுதுகிறோம்? தலைப்பில் இடம் போதாது என்று முன்பு சொல்வார்கள். எண்ணிப் பார்த்தேன்: கற்பழிப்பு ஆறு எழுத்து, வன்புணர்வும் ஆறு எழுத்துதான். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் 'பாலியல் வல்லுறவு' என்று எழுதுகின்றன, அங்கேயும் வாசகருக்குப் புரியத்தான் செய்கிறது.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது 'கள்ளக்காதல்'. 'கள்ளக்காதல் விவகாரம்: மனைவி வெட்டிக் கொலை' என்று போடுகிறீர்கள். அந்தக் காரணத்தைச் சொன்னது யார்? வெட்டியவர். போலீசில் அவர் கொடுத்த வாக்குமூலம் மறுநாள் உங்கள் தலைப்பில் உண்மையாகிவிடுகிறது. மறுத்துப் பேச அவள் உயிரோடு இல்லை. திருமணத்துக்கு வெளியே உள்ள உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவையே உச்ச நீதிமன்றம் 2018இல் செல்லாது என்று சொல்லிவிட்டது. பத்திரிகையில் மட்டும் அது இன்னும் அமலில் இருக்கிறது.

'விபசார அழகிகள் மீட்பு', 'பெண் டாக்டர் மீது புகார்' இதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆண் டாக்டர் மீது புகார் என்று நான் இதுவரை ஒரு தலைப்பும் திருத்தியதில்லை.

சொல்லை மாற்றுவது அவ்வளவு லேசா என்று கேட்பீர்கள். 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி துன்புறுத்தப்பட்டு இறந்தபோது தமிழக அரசு கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே 'ஈவ் டீசிங்' இருந்தது. கிண்டல், கேலி மாதிரி ஒலிக்கிற பெயர். 2002இல் அதை எடுத்துவிட்டுப் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடை செய்யும் சட்டம் என்று மாற்றினார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து போன சொல் உங்கள் மாவட்டச் செய்திகளில் இன்றும் வருகிறது. அதே சமயம் 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்ததும், 'அலி' போய் 'திருநங்கை' வந்ததும் உங்கள் பக்கங்களில்தான். அப்போது எந்த வாசகரும் புரியவில்லை என்று சந்தாவை நிறுத்தவில்லையே.

ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. மாவட்ட நிருபர்கள் எழுதி அனுப்புவதை இரவில் அவசரமாகப் பார்க்கிறவர்களின் நெருக்கடி எனக்கும் தெரியும். உங்கள் மேசையில் ஒட்டியிருக்கும் எழுத்துப்பிழைப் பட்டியலின் கடைசியில் இந்த நான்கைந்து சொற்களையும் சேர்த்துவிடுங்கள். இன்றைக்குப் பக்கம் முடிக்கும் முன், குழந்தைகள் பற்றிய செய்திகளில் இருக்கும் 'உல்லாசத்தை' மட்டுமாவது எடுத்துவிடுங்கள். மற்றவற்றை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
முன்னாள் மெய்ப்புத் திருத்துநர் ஒருத்தி