யோகா வாத்தியார் என்ன படிச்சிருக்காருன்னு கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

கோபி, ஈரோடு, திருப்பூர்னு எங்க பார்த்தாலும் இப்ப யோகா கிளாஸ் போர்டுதான், சந்தோஷம், ஆனா சொல்லிக் குடுக்குறவங்க எங்க படிச்சாங்கன்னு கேட்டுட்டு சேர்றவங்க ரொம்பக் கம்மிங்க. யோகா சொல்லிக் குடுக்க லைசென்ஸ் வேணும்னு நம்ம நாட்டுல சட்டம் கிடையாது, அதனால நாமதான் கேக்கோணும்.

சுவத்துல மாட்டியிருக்குற சர்ட்டிபிகேட் எல்லாம் ஒண்ணு கிடையாதுங்க. ஆயுஷ் அமைச்சகத்தோட யோகா சர்ட்டிபிகேஷன் போர்டு எழுத்து, செய்முறை ரெண்டுலயும் பரீட்சை வெச்சுத்தான் குடுக்குது, அதுலயும் பாடத்திட்டம் 200 மணி நேரம், 400, 800னு படிப்படியா இருக்கு, எந்தப் படின்னு பாருங்க. யோகா அலையன்ஸ்ங்கறது 1999ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச ஒரு அமைப்பு, அவங்ககிட்ட பதிவான ஸ்கூல்ல படிச்சு முடிச்சா பேரைப் பதிவு பண்ணிக்குவாங்க, அவ்வளவுதான். சர்க்கரைய குணமாக்குறேன், முட்டி வலிய போக்குறேன்னு சொன்னா பி.என்.ஒய்.எஸ்.ங்கற இயற்கை மருத்துவ, யோகா பட்டம் படிச்ச டாக்டரான்னு கேளுங்க, அது இன்டர்ன்ஷிப்போட சேத்து அஞ்சரை வருஷப் படிப்பு.

வேதாத்திரி மகரிஷியோட மனவளக்கலை மன்றத்துல எத்தனையோ பேர் தொண்டு மாதிரி சொல்லித் தர்றாங்க, அவங்ககிட்ட போர்டு சர்ட்டிபிகேட் இல்லாம இருக்கலாம், ஆனா எங்க கத்துக்கிட்டீங்கன்னா அவங்க தலைமை எடமான ஆழியாறுன்னு பளிச்சுன்னு சொல்லுவாங்க. கேட்டதுக்கே மொகத்தை சுளிக்கிற எடத்துல பீஸ் கட்டாதீங்க.

என்னைக் கேட்டா சர்ட்டிபிகேட்டை விட முக்கியமா பாக்க வேண்டியது, அவங்க நம்மள என்ன கேக்குறாங்கங்கறது. எங்க ஒறம்பரைல ஒரு அக்கா கிளாக்கோமாங்கற கண் அழுத்த நோய்க்கு கண்ணுல சொட்டு மருந்து ஊத்திட்டு இருக்காங்க, அவங்களை ஒரு கிளாஸ்ல மொத வாரமே சிரசாசனம் போட வெச்சுட்டாங்க, உடம்புக்கு என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல! தலைகீழா நின்னா கண்ணுக்குள்ள பிரஷர் ஏறுமுங்க, கண் டாக்டர் பதறிப்போய் நிறுத்தச் சொன்னாரு. பிபி எச்சா இருக்குறவங்க, மாசமா இருக்குறவங்க கபாலபாதிங்கற வேகமா மூச்சைத் தள்ளுற பயிற்சி பண்ணக் கூடாது, டிஸ்க் பிரச்சனை இருந்தா முன்னாடி குனியற ஆசனத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கோணும். இதெல்லாம் சேரும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கிறவங்கதான் வாத்தியாருங்க. ஒரு நாள் ஓரமா உக்காந்து பாத்துட்டு சேர்றேன்னு சொல்லுங்க, முடியாதவங்களுக்கு வேற மாதிரி மாத்திக் குடுக்குறாங்களா, எல்லாரையும் புடிச்சு அழுத்துறாங்களான்னு அங்கயே தெரிஞ்சிரும்.

ஜூன் 21 யோகா தினத்துக்கு பக்கம் பக்கமா போட்டோ போடுறீங்களே, இந்த வருஷம் அதோடவே, போர்டு பரீட்சை பாஸ் பண்ணின ஆசிரியருங்க நம்ம கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கம் யார் யாருன்னு விசாரிச்சு ஒரு லிஸ்ட் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்.