நட்சத்திரம் பார்க்கப் பௌர்ணமி உதவாது

ஆசிரியருக்கு,

இலையுதிர்காலம் தொடங்கும் செப்டம்பர், அக்டோபரில் பள்ளிகளும் மன்றங்களும் வான்நோக்கு நிகழ்ச்சி வைக்கின்றன. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் நாள் குறிக்கும்போது பலரும் பௌர்ணமியில் போய் நிற்கிறார்கள். முழு நிலா அழகாகத் தெரியும் என்பது கணக்கு. தொலைநோக்கிக்கு அதைவிட மோசமான இரவு கிடையாது. அன்று சூரிய ஒளி நிலாவின் மேல் நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இல்லை. வெள்ளைத் தட்டுதான் தெரியும். அரை நிலாவைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் வேறு, பக்கத்து நட்சத்திரங்களையும் விழுங்கிவிடும்.

வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களே சரி. ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளத்தின் விளிம்பும், நடுவில் நிற்கும் குன்றும், அதன் கூரிய நிழலும் தனித்தனியாகத் தெரியும். 2010 முதல் நாசா முன்னெடுக்கும் பன்னாட்டு நிலா நோக்கு இரவும் செப்டம்பர் அல்லது அக்டோபரில், வளர்பிறை அரை நிலாவை ஒட்டித்தான் வருகிறது.

இந்தப் பருவத்தில் ஒரு சிக்கல் உண்டு. செப்டம்பர் அஷ்டமி நிலா தனுசு ராசிப் பக்கம், தெற்கே இறங்கி நிற்கும். வடக்கே உள்ள ஊர்களில் இன்னும் தாழ்வு. தென்திசையில் மரமோ கட்டடமோ இருக்கும் மைதானத்தைப் பிடித்தால் வந்தவர்கள் கூரையைத்தான் பார்ப்பார்கள். முந்தைய நாள் அதே நேரத்தில் போய் நின்று பார்ப்பது நல்லது. அன்று நிலா சுமார் 12 பாகை மேற்கே தள்ளியிருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கருவியைக் கூட்டம் வரும் நேரத்தில் வெளியே கொண்டுவருவது இன்னொரு தவறு. வீட்டுச் சூட்டோடு இருக்கும் கண்ணாடி, குளிர்ந்த காற்றில் பிம்பத்தைக் கொதிநீரில் கிடப்பதுபோல் நெளியவிடும். ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைக்க வேண்டும். ஃபைண்டரை, அதாவது குறிபார்க்கக் குழாயின் மேல் இருக்கும் சிறு தொலைநோக்கியை, பகலிலேயே தூரத்துக் கோபுரத்தையோ கம்பத்தையோ பார்த்துப் பொருத்திவிடலாம். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது.

தொலைநோக்கியின் குவிய நீளம் 1200 மி.மீ. என்றால் 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) 48 மடங்கு காட்டும். கூட்டத்துக்கு அது போதும், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். அந்த மடங்கிலேயே, தானாகச் சுழலாத தாங்கியில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் போனால் பாதி நிலா வெளியே நழுவியிருக்கும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் இருவருக்கு ஒருமுறை திருப்பி வைக்க ஆள் நிற்க வேண்டும். கிட்டப்பார்வைக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றிக் குவியத்தைத் திருகிக்கொள்ளலாம். சிதறல் பார்வை (அஸ்டிக்மாட்டிசம்) உள்ளவர்கள் போட்டுக்கொண்டே பார்ப்பது நல்லது.

அஷ்டமி நிலா பொதுவாக நள்ளிரவுக்கு முன்பே மறையும். உண்மையான விருந்து அதற்குப் பிறகுதான், ஆனால் பாதிப் பேர் அதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். பெகாசஸ் என்னும் நட்சத்திரக் கூட்டத்தின் பெரிய சதுரத்தில் மேற்குப் பக்க இரண்டு நட்சத்திரங்கள் நம் பூரட்டாதி, கிழக்குப் பக்க இரண்டும் உத்திரட்டாதி. வடகிழக்கு மூலையிலிருந்து அதே திசையில் இரண்டாவது நட்சத்திரம் மிராக். அங்கிருந்து வடமேற்கே திரும்பி மங்கலான இரண்டு நட்சத்திரங்களைத் தாண்டினால், இரண்டாவதை ஒட்டி ஒரு சாம்பல் திட்டு. அதுதான் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம், சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவு. இதற்குத் தொலைநோக்கியைவிட 10x50 (10 மடங்கு, 50 மி.மீ. முன்வில்லை) பைனாகுலர் மேல். நேராக முறைக்காமல் சற்று ஓரமாகப் பார்த்தால் திட்டு நீளும். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரே ஒரு கைபேசி வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும். டார்ச்சுக்குச் சிவப்புத் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள்.

காற்றில்லாத தெளிந்த இரவில் முன்கண்ணாடியில் பனி படியும். துணியால் துடைத்தால் பூச்சில் கீறல் விழும். குழாய் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்குக் கறுப்பு ஃபோம் தாளைச் சுருட்டி முன்னால் மாட்டினால் வெகுநேரம் தாங்கும்.

நிகழ்ச்சி அறிவிப்புகளைத் தங்கள் நாளிதழில் வெளியிடும்போது, அன்று நிலா மறையும் நேரத்தையும் ஒரு வரி சேர்த்துப் போட வேண்டுகிறோம். எதைப் பார்க்க எத்தனை மணி வரை இருப்பது என்று வாசகர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
வானியல் ஆர்வலர்கள் சிலர்