மின்சார லொறியும் வன்னியின் நெடுந்தூர ஓட்டமும்

ஆசிரியருக்கு,

மின்சார லொறிகள் நெடுந்தூரப் பொருள் போக்குவரத்துக்கு உதவுமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், ஒரு தடவை மின்னேற்றினால் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்ற கணக்கோடு அது முடிந்துவிடுகிறது. கிளிநொச்சியிலிருந்து நெல்லும் மரக்கறியும் ஏற்றி அனுப்பும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், லொறி எங்கே, எந்நேரத்தில், எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று கூற விரும்புகிறேன்.

ஓடும் தூரத்தைப் பற்றி இனிப் பெரிதாக ஐயப்படத் தேவையில்லை. 2024 நவம்பரில் தொடர் உற்பத்திக்கு வந்த மெர்சிடிஸ் ஈஆக்ட்ரோஸ் 600, 600 கிலோவாட் மணித்தியாலத்துக்குச் சற்று மேற்பட்ட பற்றரியுடன், 40 தொன் மொத்த நிறையில் 500 கிலோமீற்றர் ஓடக்கூடியது. 2022 டிசெம்பரில் தனது முதல் லொறிகளைப் பெப்சிகோவுக்குக் கையளித்த டெஸ்லா நிறுவனம் 800 கிலோமீற்றர் என்று சொன்னது. கிளிநொச்சியிலிருந்து கொழும்பு சுமார் 330 கிலோமீற்றர்தான். ஆனால் அந்த லொறிகளுக்குப் பின்னால் நிற்கும் ஏற்பாடுகள் எம்மிடம் இல்லை. ஐரோப்பாவில் நாலரை மணித்தியாலம் ஓட்டிய சாரதி 45 நிமிடம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்த 45 நிமிடத்துக்குள் பற்றரியை நிரப்புவதற்காகவே மெகாவாட் (1,000 கிலோவாட்) அளவிலான மின்னேற்றிகள் அங்கே அமைக்கப்படுகின்றன. எங்கள் கிராமங்களில் கம்பத்தில் தொங்கும் மின்மாற்றிகளோ பெரும்பாலும் 100, 160 கிலோவோல்ற் அம்பியர் அளவினவை. அவ்வாறான ஒரு மின்னேற்றிக்கே அப்படிப்பட்ட மின்மாற்றிகள் ஆறேழு முதல் பத்து வரை வேண்டிவரும். பற்றரியின் நிறையும் சிறிதன்று. அதை ஈடுசெய்யவே ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய லொறிகளுக்கு மேலதிகமாக இரண்டு தொன் வரை அனுமதிக்கிறது.

ஆகவே எங்கள் வீதிகளில் உண்மையாக ஓடும் வாகனத்தையே எடுத்துப் பார்ப்போம். வன்னியின் மரக்கறியில் பெரும்பங்கு கன்ரர், எல்ஃப் போன்ற சிறிய லொறிகளில்தான் போகிறது. அதே கன்ரரின் மின்சார வடிவத்தை ஃபூசோ நிறுவனம் 2017 இலேயே அறிமுகப்படுத்தியது. அதன் இன்றைய பெரிய பற்றரித் தொகுதி 124 கிலோவாட் மணித்தியாலம். ஐரோப்பிய அளவீட்டின்படி 200 கிலோமீற்றர் வரை ஓடும். கிளிநொச்சியிலிருந்து, எங்கள் மரக்கறி போய்ச் சேரும் மொத்தச் சந்தை உள்ள தம்புள்ளை ஏறத்தாழ 180 கிலோமீற்றர், அதுவும் ஏ9 வீதியில் பெரிய ஏற்றமில்லாத தரை. இந்தத் தூரத்துக்கு டீசல் லொறி சுமார் 30 லீற்றர் குடிக்கும். ஒரு லீற்றர் டீசலில் ஏறக்குறைய 10 கிலோவாட் மணித்தியால ஆற்றல் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் வெறும் வெப்பமாகப் போய்விடுகிறது. மின்சார லொறி அதே வேலையைச் சுமார் 110 கிலோவாட் மணித்தியாலத்தில் முடித்துவிடும். முழுப்பாரம் ஏற்றிய லொறிக்கு, 180 கிலோமீற்றருக்கும் 200 கிலோமீற்றருக்கும் இடையிலான இந்த இடைவெளி போதாது என்று எவரும் சொன்னால் அது நியாயமே. சாரதிமார் வழக்கமாகச் சாப்பிட நிறுத்தும் வவுனியாவில் அரை மணித்தியாலம் மின்னேற்ற வசதி இருந்தால் அந்தப் பயம் தீரும்.

தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் எங்கள் லொறிகள் எப்படி நிற்கின்றன என்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது இலகுவில் விளங்கும். பொழுதுபடப் புறப்பட்ட லொறி நள்ளிரவு கடந்து போய்ச் சேர்கிறது. படங்கைத் தளர்த்திவிட்டு, காற்றுப்படும்படி கத்தரிக்காய் மூடைகளைப் பிரித்து வைத்துவிட்டு, சாரதி ஆசனத்திலேயே கால்களை மடக்கிக்கொண்டு கண்ணயர்கிறார். விடிந்த பிறகு விலை பேசி, நாட்டாமைமார் (சுமை தூக்குவோர்) இறக்கி, காசு கைக்கு வந்து, திரும்பும் வழிக்குக் கரட்டோ லீக்ஸோ உருளைக்கிழங்கோ ஏற்றக் கிடைக்கும்வரை மத்தியானமும் ஆகிவிடுகிறது. இத்தனை மணித்தியாலமும் லொறி நிற்பது ஒரே வளாகத்துக்குள். அங்கே 60 கிலோவாட் மின்னேற்றிகள் சில இருந்தாலே, இரண்டு மணித்தியாலத்தில் ஒரு லொறி திரும்பி ஊர் வந்து சேரப் போதிய மின்சாரம் ஏறிவிடும். அதற்கென்று சாரதி ஒரு நிமிடமும் வீணாகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த நேரத்தில் முற்பகலும் அடங்கும் என்பதும் கவனிக்கத்தக்கது. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில் மின்தேவை குறைந்தபோது, கூரைச் சூரியகலங்களை மாலை 3 மணிவரை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே மக்களைக் கேட்டுக்கொண்டது. வெயிலில் விளையும் மின்சாரத்தை வாங்க ஆளில்லாமல் நிறுத்தச் சொல்லும் நாட்டில், டொலர் கொடுத்து இறக்கிய டீசலை எரித்துக்கொண்டு பூசணிக்காய் ஏற்றுகிறோம் என்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்சநேரத்தில் மின்னேற்றாமல், முற்பகலிலும் நண்பகலிலும் ஏற்றும் ஒழுங்கை விலைக்கழிவின் மூலமே கொண்டுவரலாம்.

2022 ஐ வன்னியில் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். டீசல் லீற்றர் 460 ரூபாவுக்கு ஏறியது; அந்த விலைக்கும் கிடைக்காமல் லொறிகள் எரிபொருள் நிரப்பு நிலைய வரிசையில் இரவு பகலாக நின்றன; கியூ.ஆர் குறியீட்டைக் காட்டி அளவோடு எரிபொருள் பெறும் பங்கீடு வந்த பின்னரே ஓரளவு மூச்சுவிட முடிந்தது. தோட்டத்தில் பழுத்து விழுந்த பப்பாசியைச் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் மாட்டுக்குப் போட்ட விவசாயிகளின் முகம் இன்னும் எனக்குள் நிற்கிறது. ஓட்டத்தில் ஒரு பங்காவது உள்நாட்டு மின்சாரத்தில் நடக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எல்லா லொறிகளையும் மாற்றலாம் என்று சொல்ல வரவில்லை. முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஐஸ் போட்ட மீனோடு கொழும்பை அடுத்த பேலியகொடை மீன் சந்தைக்கு ஓடும் லொறிக்கு வழியில் நிற்க நேரமில்லை. விடியுமுன் சேராவிட்டால் விலை விழுந்துவிடும். அது இப்போதைக்கு டீசலிலேயே ஓடட்டும். காலபோக நெல் அறுவடையில் ஓய்வில்லாமல் ஓடும் லொறிகளும் அப்படியே. சீனாவில் சுரங்கங்களிலும் துறைமுகங்களிலும் பற்றரியையே சில நிமிடங்களில் கழற்றி மாற்றுகிறார்கள். ஆனால் ஒரே அளவுப் பற்றரியுள்ள லொறிகள் பெருந்தொகையாக ஓரிடத்தில் ஓடினால்தான் அது கட்டுபடியாகும்.

செய்ய வேண்டிய வேலை, தம்புள்ளையிலும் வவுனியாவிலும் மரக்கறிச் சந்தை வளாகங்களுக்குள்ளேயே, அதற்கென்று தனி மின்மாற்றியோடு மின்னேற்றிகளை அமைப்பது. லொறி வந்த பிறகு அமைப்போம் என்று மின்விநியோகத் தரப்பும், மின்னேற்றி வந்த பிறகு வாங்குவோம் என்று உரிமையாளர்களும் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது; முதலடியை மின்விநியோகத் தரப்புதான் எடுத்துவைக்க வேண்டும். மற்றது, எங்களில் அனேகர் ஒரு லொறியை லீசிங்கில் எடுத்து மாதாமாதம் கட்டுபவர்கள். புதியதை வாங்கும் வசதி இல்லாமல் யப்பானில் பாவித்ததையே வாங்குகிறோம். பாவித்த மின்சார லொறியில் பற்றரியின் கொள்ளளவு எத்தனை வீதம் மீந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய முடியாது. ஆகவே வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டிருக்கும் இவ்வேளையில், பற்றரியைப் பரிசோதித்து வழங்கிய சான்றிதழ் இல்லாத எந்த மின்சார லொறியையும் துறைமுகத்திலிருந்து விடுவிக்கக் கூடாது என்ற விதியை அரசாங்கம் உடனடியாகக் கொண்டுவர வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
லொறி உரிமையாளர் ஒருவர்,
கிளிநொச்சி.