பாத்தியை உயர்த்தியவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும் பெற்றோருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் பள்ளியின் வேளாண் தொழிற்கல்விப் பிரிவில் இந்த ஆண்டுச் செய்முறைத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. அதில் உங்கள் கை எவ்வளவு இருக்கிறது என்று எழுதிவிடுகிறேன்.

ஜூனில் பிளஸ் ஒன் வகுப்பில் சக்கர நாற்காலியில் ஒரு மாணவி சேர்ந்தாள். அவளுக்கு ரெக்கார்டு நோட்டு வேலையை மட்டும் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அதைக் கேட்ட கொத்தனார் அண்ணன், "பொண்ணு குனிய முடியலன்னா பாத்திய ஒசத்திட்டா போச்சு சார்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஹாலோ பிளாக் அடுக்கி இரண்டரை அடி உயரத்துக்குப் பாத்தி கட்டினார். அகலத்தை மட்டும் அவளையே நாற்காலியோடு பக்கத்தில் வரவைத்து, கை நீட்டச் சொல்லி அளந்தார். கூலி வாங்கவில்லை. டீ மட்டும் மூன்று தடவை!

நாற்றுப்பண்ணை அக்காவுக்கும் நன்றி. பார்வையில்லாத எங்கள் மாணவனுக்கு 98 குழிகள் உள்ள நாற்றுத் தட்டில் விரலால் தடவி, குழிக்கு ஒரு மிளகாய் விதை போடப் பழக்கியவர் அவர்தான். விட்டுப்போன குழிகள் இப்போது அவன் தட்டில்தான் குறைவு.

அப்புறம் நிலம். வீட்டு வயலில் பயிர் வைத்துக் குறிப்பெழுதச் சொல்லிப் பல வருடம் வேலை கொடுத்துவந்தேன். வகுப்பில் பாதிப் பேர் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். வயலுக்கு எங்கே போவார்கள்? ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா கிணற்றோரம் ஐந்து சென்ட் கொடுத்தார். "யார் யார் பிள்ளைங்க கிணத்துக்கு வருவாங்க?" என்று ஒருவர் இழுத்தார். "பரீட்சை எழுதுற எல்லாரும்" என்று ஐயா பேச்சை முடித்தார்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 2021 தமிழ்நாடு சட்டத்தின் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வேளாண்மைப் பட்டப்படிப்பு சேர்ந்த முன்னாள் மாணவர் விடுமுறையில் வந்து, விண்ணப்பிக்கும் முறையைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டப்படி அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் உண்டு என்பதை அந்த மாணவி அன்றுதான் அறிந்தாள். எந்தக் கல்லூரி என்று இப்போதே கேட்டு நச்சரிக்கிறாள்.

மழை பெய்தால் கிணற்றுப் பாதையில் நாற்காலிச் சக்கரம் இன்னும் புதைகிறது. ஒரு டிராக்டர் கிராவல் கிடைத்தால் போதும். சனிக்கிழமை கத்தரிக்காய் பறிப்பு. வரும்போது பை எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
வேளாண் பிரிவு ஆசிரியர்