விடையைச் சொல்லாமல் உதவியவர்களுக்கு நன்றி

திருவல்லிக்கேணி அக்கம்பக்கத்தாருக்கு வணக்கம்.

விடுமுறைக்கு வந்த நாலு வாண்டுகளும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். உங்களுக்கு அப்பாடா என்றிருக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் பரணில் ஏறி, கிணற்றடியைத் தோண்டி, தெருவின் மதியத் தூக்கத்தையே கெடுத்தார்கள். முகம் சுளிக்காத எல்லாருக்கும் முதல் நன்றி.

பரணில் கிடைத்த தகரப் பெட்டியைத் திறந்து தந்த பூட்டுக்கடை பாய் கூலி வாங்கவில்லை. "உள்ளே என்ன இருந்துச்சுன்னு வந்து சொல்லணும்" என்றார், அவ்வளவுதான். இருந்தது ஒரு கணக்கு நோட்டு. 'அண்டா ௧, கிணற்றடி', 'குத்துவிளக்கு ௨, நெல் குதிர்', 'வெள்ளிக் கும்பா ௮, பரண்' என்று பக்கம் பக்கமாக. க, உ, அ என்று எழுத்தாகவே படித்துவிட்டு, ரகசிய மொழி, புதையல் என்று ஒரே கூச்சல்.

பக்கத்து வீட்டுத் தமிழாசிரியர் ஐயா நினைத்திருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். சொல்லவில்லை. தன் சேகரிப்பிலிருந்து ஒரு மொரீஷியஸ் ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுத்து, "நல்லா பாருங்க" என்றார். அந்த நாட்டு நோட்டில் தமிழ் எண்ணும் உண்டு. சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஐயா, அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது.

நோட்டின் முதல் பக்கத்தில் 1942 சித்திரை என்றிருந்தது. கன்னிமாரா நூலகத்தில் எங்களுக்கு வழிகாட்டிய அம்மணியும் புத்தகத்தைத்தான் எடுத்துத் தந்தார், கதை சொல்லவில்லை. அந்த ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் சென்னையே காலியானதைப் பிள்ளைகளே படித்துத் தெரிந்துகொண்டார்கள். எங்கள் குடும்பமும் கும்பகோணம் போயிற்று. போகாமல் வீட்டைக் காத்தவர் அத்தைப் பாட்டி ஒருவர்தான். ஊரைவிட்டுப் போன தெருக்காரர்கள் தங்கள் பண்டபாத்திரங்களை அவரிடம்தான் ஒப்படைத்திருக்கிறார்கள்.

இதற்கு மேல் எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தப் பாட்டி பேச்சை எடுக்க மாட்டார்கள். எடுத்தால் 'எம்டன்' என்பார்கள். 1914-இல் சென்னையில் குண்டு வீசிய ஜெர்மன் கப்பலின் பெயர் அது. ஊரார் சொத்தைத் தின்றவள் என்பதுதான் நாங்கள் கேட்டு வளர்ந்த கதை. நோட்டிலோ ஒவ்வொரு வரிக்கும் எதிரே வாங்கிக்கொண்டவரின் கையெழுத்தோ கைநாட்டோ இருக்கிறது, ஓரத்தில் 'கொடுத்தாச்சு' என்று பாட்டியின் கோணல் எழுத்து. எண்பது தாண்டிய அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கடைசிப் பக்கம் வரை பார்த்தார். பிறகு பாட்டியின் படம் எங்கே என்று கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறோம்.

எதிர்வீட்டு மாமிக்கும் தனியாகச் சொல்லணும். கிணற்றடியில் ஒன்றும் இருக்காது என்று அவருக்கு முன்பே தெரியுமாம். "தோண்டட்டும் விடு" என்று என்னைத் தடுத்துவிட்டு, மோர் கரைத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்.

கையெழுத்து இல்லாத வரி ஒன்றே ஒன்று: 'ஜாம்பஜார் பாய் வீட்டுப் பித்தளை வெற்றிலைப் பெட்டி ௧, பரண்'. பெட்டி பரண் மூலையில்தான் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறோம். மூடியின் உட்புறம் ஓர் அடையாளம் உண்டு. அது என்னவென்று சொல்லும் குடும்பத்தார் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வாங்கிக்கொண்டதும் அந்த நோட்டிலேயே ஒரு கையெழுத்துப் போடணும், பிள்ளைகளின் கண்டிப்பான உத்தரவு.

நன்றியுடன்,
உங்கள் தெருக்காரி