எஃப்.பி.ஐ பாஸ்டன் ஆஃபீஸுக்கு ஒரு திறந்த மடல்: அந்த ரெண்டு பேர் யாருன்னு சொல்லிடுங்க

வணக்கம் சார், மேடம்.

மார்ச் 18 வந்தா அதே நியூஸ் தான். பாஸ்டன் கார்ட்னர் மியூசியத்துல நடந்த ஓவியத் திருட்டு இன்னும் மர்மம், துப்பு குடுத்தா 1 கோடி டாலர். 1990ல அதே தேதில போலீஸ் வேஷத்துல ரெண்டு பேர் வந்தது, 81 நிமிஷத்துல 13 பொருள் போனது, இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. வெர்மீர் வரைஞ்ச படம் போனதும் வருத்தம் தான், ஆனா எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குறது ரெம்ப்ராண்ட் வரைஞ்ச "கலிலேயாக் கடல் புயல்" படத்துக்கு.

அஞ்சடி ஒசர கேன்வாஸ் சார் அது. பொறுமையா கழட்டக்கூட இல்ல, கத்திய வச்சு அறுத்துட்டு போயிருக்கானுங்க, ஓரமெல்லாம் ஃப்ரேம்லயே நின்னு போச்சு. 1633ல போட்ட ஆயில் பெயிண்ட், இறுகிப் போயிருக்கும், சுருட்டுனா வெடிக்கும், வெடிச்ச எடம் உதிரும். படகுல இயேசுவோட சேத்து 14 பேர், அதுல ஒருத்தர் மட்டும் ஒரு கையில கயிறு ஒரு கையில தொப்பின்னு புடிச்சிக்கிட்டு நம்மளயே பாப்பாரு, அது ரெம்ப்ராண்டே தான்னு சொல்லுவாங்க. அந்த மூஞ்சி இப்ப எவன் வீட்டுப் பரண்ல, எந்த ஈரத்துல உதிர்ந்துட்டு கெடக்கோ.

2013ல நீங்களே பிரஸ் மீட் வச்சு திருடுனது யாருன்னு தெரியும், பேர் சொல்ல மாட்டோம்னீங்க. படம் கனெக்டிகட், பிலடெல்பியா பக்கம் போச்சுன்னீங்க. 2015ல ரெண்டு பேருமே செத்துட்டாங்கன்னீங்க. திருட்டுக்கு கேஸ் போடுற கெடுவும் 1995லயே முடிஞ்சாச்சு. அப்புறம் யாரு மானத்த காப்பாத்த இந்த ரகசியம்? பேர சொன்னா தானே அவனுங்க சொந்தக்காரனோ பக்கத்து வீட்டுக்காரனோ "அட, அந்தாளு ஷெட்ல பெருசா ஒரு சுருள் இருந்துச்சே"ன்னு யோசிப்பான்? பொதுமக்கள் உதவணும்னு மட்டும் கேப்பீங்க, யார் வீட்டுப் பக்கம் தேடணும்னு சொல்ல மாட்டீங்க, நல்லாருக்கு. போலீஸ்னு பொய் சொன்னவனுக்கு அன்னைக்கு கதவு தொறந்துச்சு, நாங்க நிஜ போலீஸ்கிட்ட கேட்டா ஃபைல் தொறக்க மாட்டேங்குது. கவர்மெண்ட் ஆஃபீஸ்னா எந்த ஊர்லயும் இப்படித்தான் போல.

சரி, அது போகட்டும். தகவல் குடுத்தவங்க பேர மறைங்க, அது நியாயம். செத்துப்போன அந்த ரெண்டு பேர மட்டும் தயவுசெஞ்சு சொல்லிடுங்க. அடுத்த மார்ச் வரைக்கும் இழுக்காம சொன்னா ரொம்ப நன்றி.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கிட்டு மியூசியத்துக்கு வர்ற ஒரு ஆளு